மாமியாரின் மூன்று களி உருண்டையும் உங்கள் தையல் மெஷினும்

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 38, உயரம் 154 செ.மீ., எடை 72 கிலோ. பர்கூர் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் டைலராக இருக்கிறேன். காலை 7 மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு 7 ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த பத்து வருஷத்தில் 15 கிலோ கூடிவிட்டது. போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒரு நாளைக்கு 2,060 கலோரி வேண்டும் என்றது. அண்ணன் மகன் யூடியூப் பார்த்துவிட்டு, 'பெண்கள் எடை குறைக்க 1,200-தான் அத்தை' என்றான். அப்படியே இருந்து பத்து நாளில் 3 கிலோ குறைந்தேன். அப்புறம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. மெஷின் முன்னால் தலைசுற்றல் வந்ததும் விட்டுவிட்டேன். குறைந்த 3 கிலோவும் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. உண்மையில் எனக்கு எவ்வளவு கலோரி வேண்டும்? 'களி சாப்பிட்டால் உடம்பு போடாது' என்கிறார் மாமியார். அவர் மூன்று வேளையும் களி தின்று ஊசி மாதிரி இருக்கிறார். நான் ராத்திரி ஒன்றரை உருண்டைதான், அதற்கே இப்படி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் மாமியாரைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. அங்கிருந்தே வருகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் ஒரு அட்டவணை வெளியிட்டன. 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருந்தால் ஒரு நாளைக்கு 1,660 கலோரி தேவை. அதே 55 கிலோ பெண் நாள் முழுக்கக் கடுமையாக உடல் உழைத்தால் 2,720. நடுவில் 1,060 கலோரி வித்தியாசம்.

இந்த 1,060 எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் களியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கால் கிலோ கேழ்வரகு மாவு, வேகவைத்துச் சேர்த்த நொய்யரிசி 50 கிராம். கிண்டி, ஈரக்கையால் உருட்டியதில் மூன்று உருண்டை வந்தது. கேழ்வரகு மாவு 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி, அரிசி 100 கிராமுக்குச் சுமார் 355. மொத்தம் 980-ஐ ஒட்டி வருகிறது. அப்படியென்றால் ஒரு உருண்டை 325. கூடவே ஊற்றிக்கொள்கிற குழம்பையும் கொஞ்சம் சேர்த்தால், அந்த 1,060 கலோரி என்பது கிட்டத்தட்ட மூன்று களி உருண்டை.

உங்கள் மாமியார் களை பறித்திருப்பார், கதிர் அறுத்திருப்பார், தக்காளிக் கூடையைத் தலையில் வைத்து ரோடு வரை நடந்திருப்பார், தண்ணீருக்கும் நடந்திருப்பார். அந்த மூன்று உருண்டையையும் காடு வாங்கிக்கொண்டது. நீங்கள் அதே வீட்டில், அதே பானையில் இருந்து சாப்பிடுகிறீர்கள். ஆனால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பழைய மெஷினையாவது காலால் மிதிக்க வேண்டும். இப்போது மோட்டார் ஓடுகிறது, உங்கள் பாதம் பெடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

'நான் ஒன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, டார்கெட் முடிப்பதற்குள் உயிர் போகிறது' என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரியும். கழுத்து வலி, கண் எரிச்சல், சூப்பர்வைசர் தொல்லை எல்லாம் சேர்ந்து ஆளை அடித்துப்போட்டுவிடும். ஆனால் அசதி வேறு, கலோரி செலவு வேறு. பெரிய தசைகள் அசைந்தால்தான் கலோரி போகும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து நொந்து போய் வீடு வருகிறவருக்கு 'இவ்வளவு உழைத்தேனே, வயிறு நிறையச் சாப்பிட வேண்டாமா' என்று தோன்றுவது நியாயம்தான். தராசுக்குத்தான் அந்த நியாயம் தெரியாது.

சரி, களி சாப்பிட்டால் உடம்பு போடாதா? மேலே சொன்ன இரண்டு எண்ணையும் திரும்பப் பாருங்கள். மாவாகவும் அரிசியாகவும் எடை போட்டால் கேழ்வரகுக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகில் நார்ச்சத்து மூன்று நான்கு மடங்கு கூட, சுண்ணாம்புச் சத்து 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, பசியும் நிதானமாகத்தான் எடுக்கும். அதனால் களியை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்தில் களியை யாரும் மெல்லுவதில்லை. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம், மென்றால் சிரிப்பார்கள். விழுங்குகிற சாப்பாட்டில் இரண்டாவது உருண்டை எப்போது தட்டுக்கு வந்தது என்றே தெரியாது.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாட்டிக்கு 'இரவு ஒரு கப் களி' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'களிய எவ சாமி கப்புல அளப்பா?' என்று கேட்டார். அன்றிலிருந்து மாவில்தான் கணக்கு. வெந்த களியையும் சோற்றையும் நிறுத்துப் பயனில்லை. தண்ணீர் கூடினால் எடை கூடும், கலோரி கூடாது. பானையில் போடுவதற்கு முன் மாவையும் அரிசியையும் நிறுங்கள், எத்தனை உருண்டை வந்தது என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஆப் சொன்ன 2,060 எப்படி வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலான ஆப்கள் போடுவது மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்கிற சூத்திரம், 1990-ல் வந்தது. எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, பெண் என்றால் இன்னும் 161 கழி. (ஆண் என்றால் 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கும் போட்டுப் பார்க்கலாம்.) உங்களுக்கு 720, அதோடு 962, அதில் 190 போய், 161 போய், சுமார் 1,330. நாள் பூராவும் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் மூச்சு, இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஓடுவதற்கு உடம்பு எடுத்துக்கொள்கிற கலோரி இது.

இதற்கு மேல்தான் வேலைக்கான பெருக்கல். உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, லேசான நடமாட்டம் என்றால் 1.375, நடுத்தரம் என்றால் 1.55. ஆப் உங்களிடம் 'உங்கள் வேலை எப்படி' என்று கேட்டிருக்கும். நீங்கள் 'நடுத்தரம்' என்று தொட்டிருப்பீர்கள். 1,330-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2,060 வந்துவிடுகிறது. எல்லோரும் செய்கிற தப்புதான் இது. அந்த 1.55 என்பது வாரத்தில் நாலைந்து நாள் வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு. காலையில் சமையல், பாத்திரம், இரவில் துணி, மற்ற நேரம் மெஷின் என்றால் 1.375 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்படிப் போட்டால் 1,830. அந்தச் சூத்திரம் அமெரிக்கர்களை அளந்து செய்தது. நம்மவர்களுக்குத் தசை கொஞ்சம் குறைவு, அதனால் செலவும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். எனவே 1,750-இலிருந்து 1,800-க்குள் சாப்பிட்டால் உங்கள் எடை ஏறாது, இறங்காது என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

வைத்துக்கொண்டு என்றுதான் சொல்கிறேன். நீங்கள் டைலர், உங்களுக்குச் சுலபமாகப் புரியும். சூத்திரம் தருவது ரெடிமேட் சைஸ். 38 சைஸ் பிளவுஸ் எடுத்து வந்து ஒருவருக்குச் சரியாக இருக்கும், இன்னொருவருக்குத் தோளில் இறங்கும். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே எடையுள்ள இரண்டு பெண்களின் தேவையில் 200, 300 கலோரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். உங்களுக்கான அளவை உங்கள் உடம்பில்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த 1,200 விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பத்து நாளில் 3 கிலோ குறைந்தது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோவுக்கு 23,100. பத்து நாளில் அது கரைய வேண்டுமென்றால் தினமும் 2,310 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்கள் மொத்தச் செலவே 1,800-தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்திருந்தாலும் நடக்காத கணக்கு. நடந்தது வேறு. நம் ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கொஞ்சம் சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் களியையும் திடீரென்று வெட்டினால் அந்தச் சேமிப்பு தீர்ந்து தண்ணீரும் வெளியேறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். பழையபடி சாப்பிட்டதும் அதே தண்ணீர் ஒரு வாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதிய திட்டம் தப்பு. 1,200 என்பது டாக்டரோ உணவியல் நிபுணரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போது போகலாம் என்கிற அடிமட்டம். காலை 7 முதல் இரவு 7 வரை வெளியில் இருந்து, ஊசிக்கு முன்னால் விரலை வைத்து வேலை செய்கிறவருக்கு அது சரிப்படாது.

இப்போது அளவெடுப்போம். ஒரு 40 பக்க நோட்டு, ஒரு எடை மெஷின், ஒரு சமையல் தராசு போதும். முதல் வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள். பையன் மிச்சம் வைத்த அரை தோசை, உப்பு பார்க்க வாயில் போட்டது, லைனில் பக்கத்து மெஷின்காரி நீட்டிய மிக்சர், எல்லாம் சேர்த்துத்தான். தினமும் காலை கழிவறை போய் வந்ததும், எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். அன்றன்றைய எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம், ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்த சராசரிதான் முக்கியம். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பில் தண்ணீர் கட்டி ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து நிறுத்தியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து நாளுக்கு 1,400-க்கு வாருங்கள். அந்த வாரம் இறங்குகிற எடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், தண்ணீர். மூன்றாவது வாரச் சராசரியையும் ஏழாவது வாரச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நடுவில் சரியாக நாலு வாரம், மாதவிலக்குச் சுற்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். மூன்றாவது வாரம் 71.2 என்றும் ஏழாவது வாரம் 70 என்றும் வைத்துக்கொள்வோம். 1.2 கிலோவை 7,700-ஆல் பெருக்கினால் 9,240. அதை 28 நாளால் வகுத்தால் 330. நீங்கள் 1,400 சாப்பிட்டீர்கள், உடம்பு தன் சேமிப்பிலிருந்து 330 எடுத்திருக்கிறது. ஆக, உங்கள் அன்றாடத் தேவை 1,730. இது உங்கள் உடம்பு தந்த எண், எந்த ஆப்பும் தர முடியாது.

நாலு வாரத்தில் 400 கிராம்தான் இறங்கியது என்றால்? அதே கணக்கில் 110 வரும், தேவை 1,510 ஆகிவிடும். அப்போது இரண்டில் ஒன்று: உங்கள் தேவையே குறைவு, இல்லையென்றால் நோட்டில் எழுதாமல் ஏதோ வாய்க்குள் போகிறது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். கலோரி எழுதச் சொன்னால் உண்மையாக எழுதுகிறேன் என்று நம்பிக்கொண்டே குறைத்து எழுதுவது மனித சுபாவம், எனக்கும் உண்டு. ஒரு நல்ல விஷயம், தினமும் ஒரே மாதிரி விட்டுப்போனால் கணக்கு கெடாது. ஒரு அங்குலம் குறைவாகக் காட்டுகிற டேப்பாக இருந்தாலும், அதே டேப்பில் அளந்து அதே டேப்பில் வெட்டினால் சட்டை பொருந்துமல்லவா? நோட்டு 1,510 என்று சொன்னால், அதே நோட்டுப்படி 1,250-க்கு இறங்குங்கள், வேலை நடக்கும். ஒரு நாள் எல்லாம் எழுதி, மறுநாள் பாதி எழுதினால்தான் எதுவும் நிற்காது.

வீட்டில் எல்லோரும் எழுத மறக்கிறது எண்ணெய். கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, அதனால் நானே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். நாலு பேர், மாதம் 5 லிட்டர். நம் பக்கம் இது ஒன்றும் அதிசயமான அளவு இல்லை. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. 5 லிட்டரில் கிட்டத்தட்ட 41,000. நாலு பேருக்கு 30 நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி, அதாவது மேலே நிறுத்த களி உருண்டை ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல். அதே வீடு 3 லிட்டரில் நின்றால் ஆளுக்கு 205. யாரும் ஒரு கவளம்கூடக் குறைக்காமல் தினம் 135 மிச்சம். செக்கு எண்ணெய் என்றால் கணக்கில் சலுகை உண்டா என்று கேட்பார்கள். கலோரியில் கிடையாது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரீபைண்டு, நெய், எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒரே ஜாதி. வாங்குகிற தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவையுங்கள். எண்ணெய்க் கணக்கை ஸ்பூனில் பிடிக்க முடியாது, மாதக் கணக்கில்தான் பிடிபடும்.

அடுத்தது டீ. பத்துக் கிராம் சர்க்கரை 40 கலோரி, பால் இன்னொரு 40. வீட்டில் இரண்டு, கம்பெனியில் மூன்று என்று வைத்தால் 400. சர்க்கரையை மட்டும் எடுத்தால் பாதியாகிவிடும். ஒரே நாளில் எடுக்க முடியாவிட்டால் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் மாறுவதை இதில் சேர்க்காதீர்கள், அதுவும் கிராமுக்குக் கிட்டத்தட்ட அதே 4 கலோரி.

1,400-ல் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று உங்கள் பஸ் நேரத்தை வைத்தே யோசித்தேன். விடிந்ததும் சர்க்கரை இல்லாத டீ. பஸ் ஏறும் முன் 40 கிராம் மாவில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி, தொட்டுக்கொள்ள வெங்காயம், கூட ஒரு வேகவைத்த முட்டை: எல்லாம் 250. மதிய டப்பாவில் 75 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் கொள்ளில் கடைசல், டப்பாவில் கால்வாசி இடத்துக்குப் பதில் பாதி இடத்துக்குப் பொரியல், தாளிப்பு எண்ணெயோடு சேர்த்து 490. கம்பெனி டீ வேளையில் வடைக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன 30 கிராம் தட்டைப்பயறு சுண்டல், டீயோடு சேர்த்து 150. இரவு 80 கிராம் மாவில் ஒரு களி, 30 கிராம் பருப்பு போட்ட கீரைக் கடைசல், 415. ஒரு கொய்யாவோ பப்பாளித் துண்டோ சேர்த்தால் 1,400-ஐ ஒட்டி வரும். புரதம் 50 கிராமைத் தொடும். இன்னொரு முட்டைக்கு இடம் பண்ணிக்கொண்டால் இன்னும் நல்லது. எடை இறங்கும்போது தசை கரையாமல் இருக்க அது வேண்டும், பசியையும் அடக்கும். அவரைக்கொட்டைக் குழம்பு வைக்கிற நாளில் கொள்ளுக்குப் பதில் அதை வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் புதிதாக வாங்க வேண்டியதில்லை, ஓட்ஸ் வேண்டாம், சியா விதை வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி அடிக்கிற வீட்டில் 1,400 என்று பேசினால் சண்டைதான் வரும். வாரத்துக்கு 9,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் 1,350-ல் இருந்தால் ஞாயிறு 1,700 வரை போகலாம். மாம்பழத்துக்கும் இதே வழி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சீசனில் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. 200 கிராம் சதை உள்ள ஒரு பழம் சுமார் 120 கலோரி. சாப்பாட்டுக்குப் பிறகு கூடுதலாக வேண்டாம், மாலைச் சுண்டலுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். பாட்டிலில் வருகிற மாம்பழ ஜூஸ் இதில் சேராது, அதில் சேர்த்த சர்க்கரை தனி.

நடக்கலாமா என்றால் நடக்கலாம், ஆனால் நடையை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். உங்கள் எடைக்கு அரை மணி வேகநடை 90, 100 கலோரிதான் கூடுதலாக எடுக்கும். ஒரு பருப்பு வடையில் அது போய்விடும். வாட்ச் 250 என்று காட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை செய்கிற நன்மை தனி, அதற்காக நடங்கள். மதிய இடைவேளையில் பத்து நிமிஷம் கிடைத்தால்கூடப் போதும்.

எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்காமலே விட்டுவிட்டீர்கள். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எப்படி என்று காட்டுகிற எண், 30. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ் இருப்பது நல்லது, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கணக்கு. 23 என்றால் உங்களுக்கு 54 கிலோ. அதை இப்போது மறந்துவிடுங்கள். முதலில் 72-லிருந்து 67. அதற்கே ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டிவலி எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். 67 வந்ததும் திரும்பக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் 5 கிலோ குறைந்த உடம்புக்கு நாளுக்கு 70 கலோரியாவது குறைவாகப் போதும். 'முன்னால் இறங்கிச்சு, இப்போ நிக்குது' என்று வருபவர்களில் பாதிப்பேர் இந்த 70-ஐ மறந்தவர்கள்.

எடையைவிட நம்பகமான ஒன்று உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது. அந்த இஞ்ச் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பின், டேப் சதையை அழுத்தாமல் சுற்றுங்கள். கஸ்டமருக்குப் பிடிக்கிற லூஸ் இங்கே வேண்டாம். நம் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது 31½ அங்குலம் எல்லை. அதற்கு மேல் போனால் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒரு முறை பாருங்கள். எடை நிற்கிற மாதத்திலும் சில சமயம் இடுப்பு அரை அங்குலம் இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ரத்தம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பத்து வருஷத்தில் 15 கிலோ என்பதால் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், தலைசுற்றல் வந்ததால் ஹீமோகுளோபின், அப்புறம் சர்க்கரை. வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. உங்கள் ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள், மற்ற இரண்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் 1,400-க்கு இறங்காதீர்கள், மருந்தின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கர்ப்பம் என்றாலோ கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதாக இருந்தாலோ இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

ஏழு வாரம் முடிந்ததும் மூன்றாவது வாரப் பக்கத்தையும் ஏழாவது வாரப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கூட்டிக் கழித்து எழுதுகிறேன். எண்ணெய் வாங்கிய தேதியை எழுதிய பாட்டிலையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் எனக்குச் சௌகரியம்.